சுருங்காத வளையம்

வறுக்கும் டிரம்மைத் திருப்பத்தூருக்கு திரும்ப இறக்கிக்கொண்டு போக, அதைக் கொடுத்த அலுவலகத்திலிருந்து ரமேஷ் ஜீப்போடு வந்துவிட்டான். செந்தாமரை அவன் பக்கம் திரும்பவே இல்லை. முந்தின நாள் வார்த்த மூன்றாவது சிலிக்கோன் வளையத்தை டிரம்மின் கதவில் பொருத்திக்கொண்டிருந்தாள். இதுவும் சூட்டில் சுருங்கினால் விறகுப் புகை உள்ளே புகுந்து வறுத்த சாமை நாறும். புதூர்நாட்டுப் பெண்கள் குழுவின் ஒரே இயந்திரம் மலையைவிட்டுப் போய்விடும். பாலிமர் படித்த மிதப்பில், வளையத்தை நானே செய்து தருகிறேன் என்று கூட்டத்தில் வாயை விட்டவள் அவள்தான்.

முதல் இரண்டும் இறுகிச் சுருங்கி, நகம் நுழைகிற சந்து விட்டன. கல்லூரி ஆய்வகத்தில் இதே கலவை எந்தச் சூட்டுக்கும் அசையவில்லை. மலையேறியதும் இதற்கு என்ன கேடு வந்தது என்று புழுங்கிப்போனாள். முதல் புட்டியில் உள்ள பிசினின் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கோத்துப் பிடிப்பது இரண்டாவது புட்டியில் உள்ள திரவம். அது கூடிவிட்டால், கோக்க இடமில்லாமல் மிஞ்சியது அப்புறம் சூடேறும்போது வேலையைக் காட்டும். அதனால்தான் கலக்கும் பெண்களிடம் அளவைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

முந்தின நாள் மூன்றாவது முறை கலக்கும்போது பக்கத்திலேயே நின்றாள். குழுத் தலைவி மங்கம்மாள் இரண்டாவது புட்டித் திரவத்தைக் குவளையில் சரியாக அளந்து ஊற்றிவிட்டு, மேலே ஒரு கரண்டி விடக் கையை நீட்டினாள்.

"இன்னாக்கா இது?"

"கொசுறுடி. அளந்த மாதிரியே ஊத்துனா நல்லாவா இருக்கும்?"

மலையில் சாமையைத் தலைதட்டி அளந்து கொடுத்தால் மானம் போய்விடும். அந்தத் தாராளம்தான் இரண்டு வளையங்களையும் கெடுத்திருக்கிறது. செந்தாமரைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இதுக்கு மட்டும் கஞ்சத்தனமா இருங்கக்கா."

இப்போது டிரம் சுழல, அடியில் புளிய விறகு கணகணவென்று எரிந்தது. வறுத்து முடித்துக் கதவைத் திறந்ததும் மங்கம்மாள் ஒரு கை சாமையை அள்ளி முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"பொகையே இல்லடி."

சூடு தணிந்ததும் செந்தாமரை வளையத்தைக் கழற்றி இழுத்துப் பார்த்தாள். இழுத்த இழுப்புக்கு வந்து, விட்டதும் பழைய அளவுக்கே திரும்பியது. ஜெயித்துவிட்டோம் என்று உடம்பெல்லாம் சொன்னது. ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை, போய்ட்டு வாங்க என்று ரமேஷிடம் யாரோ சொன்னார்கள்.

மங்கம்மாள் வளையத்தை வாங்கிச் செந்தாமரையின் கழுத்தில் மாலையாகப் போட்டாள். அடுத்த வறுவலுக்கு வேண்டும் என்று எல்லோரும் கேட்டும் அவள் கழற்றவில்லை. இன்னும் கதகதப்பு ஆறாத வளையம் நெஞ்சில் ஆட, சாமை மூட்டையைத் தூக்கிக்கொண்டு டிரம்மை நோக்கி நடந்தாள்.