மூவரில் இருவர்

காலை ஒன்பது மணிக்கு அவர் திரையில் நடந்து வந்தார். ஓர் அடி அழுத்தமாக, அடுத்த அடி தரையைத் தொட்டும் தொடாமலும், மறுபடி அழுத்தமாக. அவர் செத்து அன்றோடு முப்பத்து மூன்று நாள்.

மூன்றாம் மேஜைக்காரி கன்னத்தில் கைவைத்து, திரையில் துள்ளி ஓடும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாலாம் மேஜை அக்கா எட்டிப் பார்த்தாள்.

"வந்துட்டாரா?"

"வந்துட்டாருக்கா. இன்னும் ரெண்டு நாள் வருவாரு."

ஊருக்கு மேலே மண் நழுவிக்கொண்டிருக்கும் மலைச்சரிவில் ஆறு இடங்களில் கம்பெனி கருவிகளைப் புதைத்திருந்தது. அவற்றுக்குக் காது என்று பேர். தரைக்குள் என்ன அசைந்தாலும் காது அதைக் கோடாக எழுதிவிடும். எழுதியது எதனால் வந்தது என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்த அறையில் இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நிலநடுக்கம் என்றால் கோடு தடாலென்று ஆரம்பித்துப் போகப் போக அடங்கும். சரிவு அப்படியில்லை. திருடன் மாதிரி சத்தமில்லாமல் தொடங்கி, நடுவில் வயிறு பருத்து, மெல்ல ஓயும். லாரி ஒரே சீராக இரையும். சரிவு, கல் உருளல், நிலநடுக்கம், வண்டி, மனிதர், விலங்கு என்று ஆறு பொத்தான்கள். எதுவென்று பார்த்து அமுக்க வேண்டும். இப்படிப் பிரித்துக் கொடுப்பதைப் பார்த்து இயந்திரம் கற்றுக்கொண்டு என்றைக்காவது தானே ஊரை எச்சரிக்கும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்னார்கள். அதுவரைக்கும் எச்சரிக்க ஒரு ஆள் வேண்டுமே. அந்த ஆளாகத்தான் அவள் புருஷன் இருந்தார்.

தினமும் காலையில் மேலே ஏறி, காதுகளுக்கு பேட்டரி மாற்றி, மண்ணில் ஓடும் விரிசலை அளந்து, அகலம் கூடியிருந்தால் உச்சிக் கொட்டகையில் இருக்கும், ஆலையில் ஊதுவது மாதிரியான இயந்திரச் சங்கை ஊத வேண்டும். கீழே நாற்பது வீடு. சங்கு கேட்டால் போட்டது போட்டபடி ஓட வேண்டியது அவர்கள் பொறுப்பு. சிறு வயதில் முறிந்த கால் கோணலாகச் சேர்ந்ததால் அவரை ஊரே ஒண்ணரை என்றுதான் கூப்பிடும். அவரும் போன வீட்டு வாசலில் நின்று "ஒண்ணரை வந்திருக்கேன்னு சொல்லுங்க" என்பார்.

கோடுகள் மலையிலிருந்து இந்த அறைக்கு வந்து சேர ஐந்து வாரம் பிடிக்கும். வீட்டில் அது நல்ல வேடிக்கையாக இருந்தது.

"போன மாசம் எட்டாந்தேதி மூணாவது காதுக்குப் பக்கத்துல எதுக்குங்க அவ்வளவு நேரம் நின்னீங்க?"

"அடிப்பாவி, மூச்சு வாங்க நின்னது ஒரு குத்தமா? இதுக்கு மாமியாரே தேவலை போலிருக்கே."

ஒவ்வொரு கோட்டையும் ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் பார்ப்பார்கள். மூவரில் இருவர் சொன்னதுதான் உண்மை. மாற்றிச் சொன்ன மூன்றாமவருக்குச் சிவப்புப் புள்ளி. மாதத்தில் நாற்பது புள்ளி சேர்ந்தால் வீட்டுக்குப் போகலாம். சேர்ந்த புதிதில் அவள் அந்த நடைக்கு 'மனிதர்' என்று அமுக்கினாள். எங்கோ இருந்த மற்ற இருவரும் 'விலங்கு' என்றார்கள். ஒன்றுபோல் விழாத அடியைப் பார்த்தால் அவர்களுக்கு மேய்கிற மாடு என்று தோன்றியிருக்கும். பத்து நாளில் ஒன்பது புள்ளி விழுந்ததும் அவளும் 'விலங்கு' என்றே அமுக்க ஆரம்பித்தாள். ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள். வீட்டில் அவள் இதைச் சொன்னபோது அவர் புரையேறும்வரை சிரித்தார். அன்றிலிருந்து வீடு திரும்பும்போது வாசலில் நின்று மாடு மாதிரிக் கத்துவார். ஐந்தாவது படிக்கிற மகள் ஓடிவந்து அவர் வாயைப் பொத்துவாள்.

சரிவு இறங்கியது மழை நாளொன்றின் காலை எட்டே முக்காலுக்கு. சங்கு ஊதவில்லை. பதினொரு பேர் போனார்கள். மூன்றாம் நாள் அவர் உடல் அடிவாரத்தில், டீக்கடையின் தகரத்துக்கு அடியில் கிடைத்தது. வேலை நேரத்தில் மேலே ஏறாமல் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று விசாரணை அதிகாரி எழுதினார். ஊரும் அதையே நம்பியது. மனைவியைப் பறிகொடுத்த தையல்காரர் அவள் வாசலுக்கே வந்து நின்றார்.

"சங்கு சத்தம் கேட்டிருந்தா எந்திரிச்சு ஓடியிருப்பாம்மா. ஒரு கிளாஸ் டீக்காக..." பாதியிலேயே திரும்பி நடந்தார். பள்ளிக்கூடத்தில் மகளோடு ஒரே பெஞ்சில் உட்கார யாரும் வரவில்லை.

அவள் அதிகாரியைத் தேடிப் போய் நின்றாள். "அவரு ஏறாம இருக்க மாட்டாருங்க. ரெண்டு வாரமா சங்கு காத்துதான் விடுது, சத்தமே வரலைன்னு ஆபீஸ்ல சொல்லிட்டே இருந்தாரு."

"வாயால சொன்னா நான் என்னம்மா பண்றது? அன்னிக்குக் காலையில ஆள் ஏறினதா கருவியில பதிவு இருக்கான்னு பாருங்க. இருந்தா திருத்தி எழுதறேன்."

பதிவு அவள் மேஜைக்கே வரும். முப்பத்தைந்து நாள் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நாட்களில் அவர் தினமும் வந்தார். செத்தவர் நடக்கிற சத்தத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்வது எப்படியிருக்கும் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அந்த ஒன்பது மணிக்காகத்தான் காலையில் எழுந்திருக்கிறேன் என்று சொல்லியிருப்பாள்.

முப்பத்தைந்தாம் நாள் வந்தது. விரிசலுக்கு மேலே இருந்ததால் தப்பிய இரண்டாம் காதின் பதிவு. மழை கோடு முழுக்கப் பொடி தூவியிருந்தது. மழைக்காக வழக்கத்துக்கு முன்னாலேயே, எட்டு பத்துக்கு, பொடிக்குள்ளிருந்து நடை எழுந்தது. நாலு சிறு அடி, நிறுத்தம், நாலு சிறு அடி. ஒவ்வொரு நாலிலும் ஒன்று மட்டும் இலேசாக விழுந்தது.

"அக்கா, இங்க பாருங்க. கையூணி ஏறியிருக்காரு. வழுக்குதுல்ல, அதான் ரெண்டு கையையும் ஊணி..."

அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். கொட்டகைப் பக்கம் நடை நின்றது. பிறகு ஒரே இடத்தில் குத்துக் குத்தாகப் பதினேழு கோடுகள். ஊதாத சங்கை உதைத்திருக்கிறார், இல்லை கல்லால் அடித்திருக்கிறார். சிறிது இடைவெளி. அப்புறம் ஒரே ஓட்டம், கீழ்நோக்கி, கத்திக்கொண்டே ஓடியிருப்பார், ஆனால் கத்துவதைக் காது எழுதாது. ஓட்டம் மங்கி மறைந்த இரண்டாம் நிமிடம் கோடு சத்தமில்லாமல் வீங்கத் தொடங்கியது. அவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

வீங்கியதற்குச் 'சரிவு' என்று அமுக்கினாள். நடைக்கும் ஓட்டத்துக்கும் 'மனிதர்' என்று அமுக்கினாள். அரைமணியில் முடிவு வந்தது. சரிவுக்குப் பச்சை. நடைக்கும் ஓட்டத்துக்கும், மூவரில் இருவர் விலங்கு. அவள் பெயருக்கு எதிரே சிவப்புப் புள்ளி.

சூப்பர்வைசர் அவளைவிட எட்டு வயது இளையவன். கெட்டவன் இல்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான், கோட்டை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தான்.

"எனக்கும் மனுஷன் மாதிரிதாங்க்கா தெரியுது."

"அப்ப மாத்தி எழுதுங்க சார்."

"நான் மாத்த முடியாது. மேலதான் அனுப்பணும். அனுப்பினா உங்க பழைய கணக்கை எடுப்பாங்க." அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். "இதே நடை. இதே சரிவு. நீங்க மட்டும் இருநூத்திப் பதிமூணு தடவை விலங்குன்னு அமுக்கியிருக்கீங்க."

"அது... மத்தவங்க அப்படிப் போட்டாங்க. புள்ளி விழுதேன்னு நானும்..."

"தெரியும்க்கா. நானும் அப்படி அமுக்கித்தான் இந்த நாற்காலிக்கு வந்தேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஆனா அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க. உயிரோட இருந்தப்ப மாடு, செத்தப்புறம் மனுஷனான்னு கேப்பாங்க. என்ன பதில் சொல்வீங்க?"

அவளுக்குப் பதில் இருந்தது. நெஞ்சு முட்ட இருந்தது. தன் கையாலேயே அவரை இருநூற்றுப் பதிமூன்று முறை மாடாக்கியவள் அதைச் சொன்னால் எடுபடாது என்பதும் தெரிந்தது. அவமானமும் துக்கமும் எது எதுவென்று பிரிக்க முடியவில்லை.

"அப்படியே அனுப்புங்க சார்," என்றாள்.

அனுப்பினான். சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிட்டது. பெரும்பான்மை முடிவில் மாற்றமில்லை. பணியாளர் இறந்தவரின் உறவினர் என்பதால் அவருடைய கருத்து கணக்கில் கொள்ளப்படாது.

அக்கா இரண்டு நாள் லீவு போடச் சொன்னாள். அவள் மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். மகளுக்கு ஸ்கூல் மாற்ற வேண்டும், அதற்கு இந்த மேஜை வேண்டும்.

ஒன்பது மணிக்கு யாரும் வரவில்லை. ஆள் வராத மலைச்சரிவில் மழை மட்டும் பொடிப் பொடியாக விழுந்துகொண்டிருந்தது. பதினொன்றே காலுக்கு இரண்டாம் காதின் பக்கம் நடை கேட்டது. ஐந்தாறு பேர், கனத்த பூட்ஸ், ஒரே அளவு அடி. மறுபக்கத்துப் பாதையாக வண்டியில் வந்து இறங்கியிருந்தார்கள். கொட்டகை அருகே சற்று நின்றார்கள். காவலாள் ஏறி வந்த தடயம் எதுவும் காணவில்லை என்று அறிக்கை எழுதிய விசாரணைக்காரர்கள் அவர்கள்தான். விரிசலைத் தாண்டாமல் திரும்பிப் போனார்கள்.

அவள் 'மனிதர்' என்று அமுக்கினாள். எங்கோ இருந்த மற்ற இருவரும் அதையே அமுக்கினார்கள். உடனே பச்சை விழுந்தது. மூவரில் மூவர்.