ஏழாம் இலக்கம்: மின்வாசிப்பான், பழுது

பட்டியலில் அது ஏழாவதாக இருந்தது. ஆறாவது கால் முறிந்த கதிரை, எட்டாவது சுழலாத காற்றாடி. இரண்டுக்கும் நடுவில், 'மின்வாசிப்பான் - ஒன்று - திருத்த முடியாத பழுது - அழிக்கப்பட வேண்டியது.'

கஜந்தினி அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு கடதாசியை நூலகரின் மேசையில் வைத்தாள்.

"மிஸ், இது பழுதில்லை."

நூலகர் பராசக்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அதுவரைக்கும் மேலிடத்திலிருந்து ஒரு கேள்வியும் வந்துவிடக்கூடாது என்பதே அவருடைய ஒரே பிரார்த்தனை.

"பார்த்தீபன் வந்து பாத்துத்தானே பிள்ளை எழுதினவர்? படிச்ச பெடியன். நாங்கள் என்னத்தைக் கண்டம்?"

"அவர் அஞ்சு நிமிசம்தான் பாத்தவர், மிஸ்."

பண்டத்தரிப்புக்குப் பக்கத்தில், பிரதான வீதியோரமாக இருந்த அந்தச் சிறிய நூலகத்தில் கஜந்தினி ஒன்பது வருடமாகச் சிற்றூழியர். சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் வந்து எட்டு மணிக்குக் கதவு திறப்பாள். கூட்டுவாள், தூசு தட்டுவாள், பத்திரிகைகளை நீள வாங்கில் பரப்புவாள், திரும்பி வந்த புத்தகங்களை அலுமாரியில் அடுக்குவாள், வந்த கடிதங்களைத் துளை குத்திக் கோவையில் கோப்பாள், தேத்தண்ணி ஊற்றுவாள். கணினி அவளுடைய வேலைப் பட்டியலில் இல்லை. ஆனால் பராசக்திக்கு அந்தப் பெட்டியைக் கண்டால் பயம். அதனால் அந்த வாசிப்பானுக்குப் புத்தகம் ஏற்றும் வேலையை இரண்டு வருடமாகக் கஜந்தினிதான் சத்தமில்லாமல் செய்து வந்தாள்.

கனடாவில் இருக்கும் ஊரவர் ஒருவர் நூலகத்துக்கு அன்பளிப்பாக அனுப்பிய கருவி அது. வந்த புதிதில் எல்லாரும் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு அதை இரவல் கேட்டு வந்தவர் ஒரே ஒருவர்தான், குகதாசன்.

குகதாசன் முன்பு கொடிகாமம் சந்தையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டியவர். ஐம்பத்தொரு வயதில் நீரிழிவு அவருடைய கண்ணின் நடுவைத் தின்றுவிட்டது. ஆளின் உருவம் தெரியும், முகம் தெரியாது. அச்சுப் புத்தகத்தில் எழுத்து ஊர்கிற எறும்பாகத்தான் தெரியும். வாசிப்பானில் எழுத்தை அதன் கடைசி அளவுவரை பெரிதாக்கினால், திரையில் ஐந்து சொல் நிற்கும். அந்த ஐந்து சொல்லைத் தலையைச் சரித்துக் கடைக்கண்ணால் வாசிப்பார். பக்கத்தைத் தட்டுவார். அடுத்த ஐந்து சொல். இப்படி நாற்பத்திரண்டு நாவல் வாசித்து முடித்திருந்தார்.

"லொறி ஓடேக்கை ஒரு புத்தகமும் தொட்டதில்லை, தங்கச்சி," என்று ஒருமுறை சொன்னார். "இப்ப கண் போன பிறகு வாசிக்கிறன். டொக்டர் சிரிக்கிறார். அவர் சிரிக்கட்டும்."

அவர் கேட்கும் புத்தகங்களைக் கஜந்தினி கணினியில் இறக்கி, வயரால் தொடுத்து, வாசிப்பானில் ஏற்றிக் கொடுப்பாள். வைகாசியில் அந்தத் தொடுப்பு நின்றது. வயரைச் செருகினால் கருவியில் மின்னல் குறி வரும், மின் ஏறும். கணினியோ ஒன்றுமே வராதது போல இருக்கும். நூலகத்தை நடத்தும் பிரதேச சபையின் தொழில்நுட்ப அலுவலர் பார்த்தீபன் வந்தான். செருகினான், பார்த்தான், கழற்றினான்.

"இது முடிஞ்சுது, மிஸ். உள்ளுக்கை எரிஞ்சு போச்சு. சாஜ் மட்டும்தான் ஏறும்."

"தம்பி, வேறை வயர் போட்டுப் பாத்தனீங்களோ?" என்று கஜந்தினி கேட்டாள்.

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அக்கா, நீங்கள் தூசு தட்டுற வேலையைப் பாருங்கோ. உது உங்களுக்கு விளங்காது."

அன்றைக்கு அவள் வாயை மூடிக்கொண்டு போய்த் தூசுதான் தட்டினாள். தட்டிய தட்டில் இரண்டு அகராதிகள் கீழே விழுந்தன.

இப்போது பட்டியல் வந்துவிட்டது. அடுத்த புதன்கிழமை சபையிலிருந்து மூன்று பேர் வருவார்கள். பழுதென்று எழுதியதையெல்லாம் நூலகத்தின் பின்பக்கம் குவித்து, கணக்கிலிருந்து வெட்டி, உடைத்து அழிப்பார்கள். நடுவில் ஐந்து நாள் இருந்தது.

அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே, கஜந்தினி தன் கைபேசியில் தேடத் தொடங்கினாள். 'வாசிப்பானைக் கணினி கண்டுகொள்ளவில்லை' என்றால் என்ன செய்வது என்று ஆங்கிலத்தில் நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். விளங்காத சொல்லை அகராதியில் பார்த்துப் பார்த்து வாசித்தாள். விசையை நாற்பது விநாடி அமர்த்திப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தாள். கருவி அணைந்து மறுபடி எழும்பியது, கணினி அசையவில்லை. செருகும் துளையைத் துப்பரவாக்கச் சொன்னார்கள். பல்லுக்குத்தும் குச்சியால் மெல்லக் கிண்டினாள். பஞ்சுபோல் கொஞ்சம் தூசு வந்தது. அப்போதும் இல்லை. வேறு வயரும் வேறு கணினியும் கொண்டு சோதிக்கச் சொன்னார்கள். அங்கேதான் இடித்தது. நூலகத்தில் இருப்பது ஒரு கணினி, ஒரு வயர்.

வீதிக்கு அந்தப் பக்கம் ஆழ்வாப்பிள்ளையின் கடை இருந்தது. போட்டோக் கொப்பி, தொலைபேசி மீள்நிரப்பல், படிவம் நிரப்பல் எல்லாம் அங்கே நடக்கும்.

"மிஸ், பத்து நிமிசம் முன்கடைக்குக் கொண்டுபோட்டு வாறன்."

"ஐயோ, வேண்டாம் பிள்ளை! சபைச் சாமான். வெளியிலை கொண்டுபோகேலாது. ஆரும் கண்டால் என்ரை பென்சனிலை கை வைப்பாங்கள்."

"ஆரும் கேட்டால் நான் சொல்லுறன்."

"வேண்டாம் எண்டு சொல்லுறன் எல்லே!"

கஜந்தினி வாசிப்பானைச் சேலைத் தலைப்புக்குள் ஒளிக்கவில்லை. கையில் பிடித்தபடியே வாசலால் இறங்கி வீதியைக் கடந்தாள். திரும்பிப் போகும் எண்ணம் ஒருதரமும் வரவில்லை.

ஆழ்வாப்பிள்ளை நூலகத்து வயரைத் தன் கணினியில் செருகிப் பார்த்தார். மின்னல் குறி மட்டும் வந்தது. வயரைத் தூக்கி விரலிடையில் உருட்டினார்.

"உது எங்கை வாங்கினது?"

"பழைய வயர் வைகாசியிலை கழுத்தடியிலை பிஞ்சு போச்சு. நான்தான் யாழ்ப்பாணம் போகேக்கை பஸ் ஸ்ராண்டடியிலை வாங்கினனான்."

"உது கரண்ட் மட்டும் போற வயர், பிள்ளை. புத்தகம் போறதுக்கு உதுக்குள்ளை கம்பி இல்லை." மேசை லாச்சியைத் திறந்து வேறொரு வயரை எடுத்துச் செருகினார்.

வாசிப்பானின் திரையில் 'கணினியுடன் இணைக்கவா?' என்று கேள்வி வந்தது. கஜந்தினி 'ஆம்' என்பதைத் தொட்டாள். கணினியில் ஒரு பெட்டி திறந்தது. உள்ளே அவள் ஏற்றிய புத்தகங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக நின்றன.

"எரிஞ்சு போச்சு எண்டவன் ஆர்?" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

அவளுக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. பிழையான வயரை வாங்கி வந்தது அவளேதான். புது வயர் ஒன்றை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாய் நூலகத்துக்குத் திரும்பி, கணினியில் செருகினாள்.

ஒன்றுமில்லை.

கழற்றினாள், மறுபடி செருகினாள். இல்லை. அடுத்த துளை. இல்லை. கதிரையில் இருந்துவிட்டாள். அதே வயர், அதே கருவி. அங்கே திறந்தது இங்கே திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கைப்பையிலிருந்து தன் பென் டிரைவை எடுத்து அதே துளையில் செருகினாள். கணினி அதையும் கண்டுகொள்ளவில்லை. மவுசைக் கழற்றி அந்தத் துளையில் போட்டாள். மவுஸ் ஓடியது.

"மிஸ்," என்றாள் மெல்ல. "துளை நல்லாத்தான் கிடக்கு. வாசிப்பானும் நல்லாத்தான் கிடக்கு. எங்கடை கொம்பியூட்டரைத்தான் ஆரோ பூட்டி வைச்சிருக்கினம். வாசிப்பானைப் பாக்க வர முதல், வைகாசியிலை பார்த்தீபன் வைரஸ் துப்பரவாக்கவும் வந்தவர் எல்லே?"

பராசக்தி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "கதவைச் சாத்து பிள்ளை," என்றார். கதவு சாத்தியேதான் இருந்தது.

கஜந்தினி பார்த்தீபனுக்குத் தொலைபேசி எடுத்தாள். பட்டியல் மேலே போய்விட்டது, இனி மாற்றேலாது என்றான். விளக்கம் சொல்லத் தொடங்கியபோது, கூட்டத்தில் நிற்பதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு வாகனம் வந்தது. குழுத் தலைவர் தியாகராசா, கையில் பதிவேட்டுடன் ஒரு எழுதுவினைஞர், பார்த்தீபன் என மூன்று பேர் இறங்கினார்கள். பின்பக்கம் வேப்பமரத்தின் கீழ் தறப்பாள் விரித்திருந்தது. தியாகராசா இலக்கம் சொல்லச் சொல்ல, கஜந்தினி ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து வைத்தாள். உடைந்த தட்டு வைத்தாள், துருப்பிடித்த மணி வைத்தாள், கால் முறிந்த கதிரை வைத்தாள்.

"ஏழு. மின்வாசிப்பான்."

அவள் அசையவில்லை.

"ஏழு," என்றார் தியாகராசா மறுபடி.

"அதை நான் வைக்கமாட்டன், சேர்."

எழுதுவினைஞர் பேனையை நிறுத்தினார். பராசக்தி வாசற்படியில் நின்று சேலைத் தலைப்பை முறுக்கினார்.

"என்ன சொல்லுறாய்?" என்றார் தியாகராசா.

"அது வேலை செய்யுது. வேலை செய்யிற சாமானை உடைக்கக் குடுக்கமாட்டன். உங்கடை லப்டொப்பை ஒருக்கால் தாங்கோ, காட்டுறன்."

"அக்கா, நான் சோதிச்சு எழுதினது," என்று பார்த்தீபன் முன்னால் வந்தான். "உவ சொல்லுறாவெண்டு நாங்கள் இஞ்சை நிண்டு நேரத்தை—"

"தம்பி, ரெண்டு நிமிசம். காட்டாட்டில் நானே கல்லாலை உடைக்கிறன்."

தியாகராசா அவளை மேலும் கீழும் பார்த்தார். ஒன்பது வருடத்தில் அவர் அவளுடைய குரலைக் கேட்டது அதுதான் முதல் தரம். வாகனத்திலிருந்து மடிக்கணினி வந்தது. கஜந்தினி வாசிக்கும் மேசையில் அதை வைத்து வயரைத் தொடுத்தாள். திரையில் கேள்வி வந்தது. தொட்டாள். பெட்டி திறந்தது. எழுதுவினைஞர் எட்டிப் பார்த்து, முதல் புத்தகத்தின் பெயரைச் சத்தமாக வாசித்தார்.

"அப்ப என்னெண்டு நீர் பழுதெண்டு எழுதினனீர்?" தியாகராசா பார்த்தீபனைப் பார்த்தார்.

அவன் முகம் சிவந்தது. வயரைத் தூக்கிப் பார்த்தான். "இது வேறை வயர், சேர். அண்டைக்கு இருந்தது சாஜ் வயர். பிழையான வயரை ஆர் வாங்கினது?"

"நான்தான்," என்றாள் கஜந்தினி. "என்ரை பிழையை நான் கண்டுபிடிச்சிட்டன். மிச்சப் பிழை உங்கடை. வாங்கோ."

அவள் நூலகக் கணினிக்கு முன்னால் போய் நின்றாள். அதே வயரைச் செருகினாள், ஒன்றும் வரவில்லை. பென் டிரைவைச் செருகினாள், அதுவும் வரவில்லை. பார்த்தீபன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். அவன் எதைத் திறந்தான், எந்த இலக்கத்தை மாற்றினான் என்று கஜந்தினி பின்னால் நின்று கண் வெட்டாமல் பார்த்தாள். கணினி அணைந்து எழும்பியது. வாசிப்பான் தெரிந்தது.

"வைரஸ் பிடிக்காமல் இருக்கப் பென் டிரைவ் மாதிரிச் செருகிற எல்லாத்தையும் பூட்டினனான்," என்றான், தாழ்ந்த குரலில். "பிறகு மறந்துபோனன்."

தியாகராசா ஏழாம் இலக்கத்தைச் சிவப்பு மையால் வெட்டினார். வெட்டிவிட்டு நிமிர்ந்தார். "சரி. உந்த வயர்தான் பிரச்சினை எண்டு உமக்கு எப்பிடித் தெரிஞ்சது? இஞ்சை வேறை கொம்பியூட்டர் இல்லையே."

முன்கடைக்குக் கொண்டுபோய்ச் சோதித்ததாக அவள் சொன்னாள். அவர் எழுதுவினைஞரிடம் அதையும் குறிக்கச் சொன்னார்.

அடுத்த நாள் வியாழக்கிழமை குகதாசன் வந்தார். நாற்பத்து மூன்றாவது நாவலை அவள் ஏற்றிக் கொடுத்தாள். நானூறு பக்கப் புத்தகம், அவருடைய எழுத்தளவில் பல்லாயிரம் தட்டு. அவர் அந்த இடத்திலேயே வாங்கில் அமர்ந்து, தலையைச் சரித்து, முதல் ஐந்து சொல்லை வாசிக்கத் தொடங்கினார்.

கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது. சபைச் சொத்தை அனுமதியின்றி வெளியே எடுத்துச் சென்றமைக்கு ஏழு நாளுக்குள் விளக்கம் தருமாறு கேட்டிருந்தது. பராசக்தி அதை வாசித்துவிட்டு மடித்து மேசையில் வைத்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"நான் அனுப்பினனான் எண்டு எழுதுவம், பிள்ளை. இன்னும் ரெண்டு வருசம்கூட இல்லை எனக்கு. என்ன செய்யப் போறாங்கள்?"

மேலிடத்துக் கேள்விக்கே பயந்து கிடந்தவர் அதைச் சொன்னது கஜந்தினியின் கண்ணைக் கலங்க வைத்தது.

"வேண்டாம், மிஸ். நீங்கள் மறிச்சனீங்கள். நான்தான் கொண்டுபோனனான். நடந்ததைத்தான் எழுதப் போறன்."

அன்று பின்னேரமே எழுதினாள். 'குறித்த கருவியை நூலகர் மறுத்தும் நானே முன்கடைக்கு எடுத்துச் சென்றேன். பத்து நிமிடத்தில் திரும்பக் கொண்டு வந்தேன். எடுத்துச் சென்றிருக்காவிட்டால் அது இன்று உடைக்கப்பட்டிருக்கும். அதை எடுத்துச் சென்றதற்காக நான் வருந்தவில்லை. நூலகத்தில் இரண்டாவது கணினி ஒன்று இருந்தால் இப்படி வெளியே போகத் தேவை வராது என்பதையும் பணிவாகத் தெரிவிக்கிறேன்.'

பதிலுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. 'கடுமையாக எச்சரிக்கப்படுகிறீர். இக்கடிதத்தின் பிரதி தங்கள் தனிப்பட்ட கோவையில் சேர்க்கப்படும்.' இரண்டாவது கணினியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

கோவையில் சேர்ப்பது சிற்றூழியரின் வேலை. கஜந்தினி அலுமாரியிலிருந்து தன் பெயர் எழுதிய கோவையை இறக்கினாள். எச்சரிக்கைக் கடிதத்தில் இரண்டு துளை குத்தினாள். தான் எழுதிய விளக்கத்தின் பிரதியிலும் குத்தி, அதை எச்சரிக்கைக்கு மேலே வைத்துக் கோத்தாள். பிறகு புதுத் தாள் ஒன்றை எடுத்து, 'நூலகத்துக்கு இரண்டாவது கணினி கோருதல்' என்று தலைப்பிட்டு எழுதத் தொடங்கினாள்.