வணக்கம் சொல்லும் நேரம்

போன் மூன்றாவது முறை மணியடித்தும் யாரும் எடுக்கவில்லை. அகோட் மைக்குக்கு முன்னால் பேனாவை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அப்பாலிருந்து எங்கோலா, ஒலிப்பலகையில் ஒரு விரலை வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மணிச்சத்தம் அவர்களுக்கு மட்டும் கேட்கவில்லை. அரவை மில்லில், தலை பின்னும் கடையில், சதுப்புக்கு அப்பால் எள் காயப்போட்ட முற்றங்களில், எங்கெல்லாம் ரேடியோ திறந்திருந்ததோ அங்கெல்லாம் கேட்டது.

இந்த ரேடியோ நிலையத்துக்கு யாரும் தன் காசில் பேசுவதில்லை. ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு வைத்துவிடுவார்கள். நிலையம்தான் திரும்ப அழைக்கும், அதுவும் நேரலையிலேயே. அந்த மணியைக் கேட்டுக்கொண்டு காத்திருப்பது மக்களுக்குப் பிடித்திருந்தது. மில்லில் மாவுக்கு நிற்பவர்கள் எடுப்பாரா மாட்டாரா என்று பந்தயம்கூடக் கட்டுவார்கள். மணி அடிக்கும்போது வானத்தில் ஒரு நூல் மெல்ல இழுபட்டுக்கொண்டே போவதாக அகோட்டுக்குத் தோன்றும். மறுமுனையில் யார் பிடிப்பார்கள் என்பது தெரியாத நூல்.

இன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. போன வியாழக்கிழமை இதே எண்ணிலிருந்து ஒரு பெண் பேசினாள். பெயர் சொல்லவில்லை. புருஷன் செத்து ஒரு மழைக்காலம் போய்விட்டது என்றாள். முறைப்படி கொழுந்தனுக்கே பெண்டாட்டியாக அவன் வீட்டில் சேர்ந்துகொள்ளச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன், அன்றிலிருந்து அவன் கண் நிலத்தின் மேல் விழுந்துவிட்டது என்றாள். அடுத்த வாரச் சனிக்கிழமை குலத்துப் பெரியவர்கள் கூடுகிறார்கள், நிலத்தை வாங்குகிறவனும் வருகிறான். கொழுந்தன் மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்துத்தான் பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு போய்விட்டது. "அக்கா, அடுத்த வியாழன் ஒரு மிஸ்டு கால் குடுங்க. நில அலுவலகத்து மேடத்தையே இங்க கூட்டிட்டு வந்து உக்கார வெக்கிறோம்" என்று, அவள் ரேடியோவில் கேட்பாள் என்ற நம்பிக்கையில், அகோட் காற்றில் வாக்குக் கொடுத்திருந்தாள்.

மேடம் வந்திருந்தார். பெயர் ஃப்ளோரன்ஸ். காலையில் வந்ததுமே சொல்லிவிட்டார். விற்பனையை நிறுத்தலாம், ஆனால் அந்தப் பெண் தன் பெயரைச் சொல்லி, நேரில், தன் வாயால் புகார் சொல்ல வேண்டும். சனிக்கிழமைக்குள். போனில் சொன்னால் செல்லாது.

யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ. யாரு?"

ஆண்குரல். பேனா நின்றது.

"மிஸ்டு கால் குடுத்தீங்களே அண்ணே" என்றாள் அகோட். வேறெதுவும் அந்த நொடியில் வாயில் வரவில்லை.

"ஆமா, நான்தான் குடுத்தேன். எங்க அண்ணி போன்ல இந்த நம்பர் கெடந்துச்சு. எந்தப் பயலோடதுன்னு பாக்கலாம்னு அடிச்சேன். எடுக்கல. இப்ப பாத்தா பொம்பள கூப்பிடுற. யாரும்மா நீ?"

அவன் குரலுக்குப் பின்னால் அகோட்டுக்கு இன்னொரு குரல் கேட்டது. அது அவளுடைய குரலேதான், கொஞ்சம் பிந்தி, தகரத்தில் பட்டு வந்ததுபோல. அந்த முற்றத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது. அதற்கும் பின்னால் யாரோ உரலில் இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் இப்போது நின்றுபோனது.

"அண்ணே, இது ரேடியோ ஸ்டேஷன். நீங்க பேசறதை இப்ப எல்லாரும் கேட்டுட்டிருக்காங்க."

"ரேடியோவா? எங்க அண்ணி எதுக்கு ரேடியோவுக்குப் போன் போட்டா?"

எங்கோலா கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினான். வெட்டிவிடு. வெட்டிவிட்டால் ஏதோ மறைக்கிறார்கள் என்று போனில் இருப்பவனுக்குப் புரிந்துவிடும் என்று அகோட் நினைத்தாள். வெட்டாவிட்டால் பதில் சொல்ல வேண்டும். போன வாரம் அந்தப் பெண் பேசியதைக் கேட்ட காதுகள் எத்தனையோ. பக்கத்து வீட்டில் ஒருத்தர் வாயைத் திறந்தால் போதும். உரல் இன்னும் மௌனமாக இருந்தது. இடிக்கிறவள் உலக்கையைத் தூக்கிப் பிடித்தபடியே நிற்கிறாள் போலும்.

"சோப்புக்குத்தான் அண்ணே" என்றாள்.

"என்னது?"

"சோப்பு. போட்டி வெச்சோம்ல. உங்க அண்ணி பதில் சொல்லியிருந்தாங்க. மூணு நீளக் கட்டி ஜெயிச்சிருக்காங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டோம்."

"என்ன கேள்வி?"

ஃப்ளோரன்ஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"மழைக்கு முன்னாடி முதல்ல வர்ற பறவை எதுன்னு."

"அதுக்கு இவ பதில் சொன்னாளா? இவளுக்கு எங்க வீட்டுக் கோழியும் பக்கத்து வீட்டுக் கோழியுமே பிரிச்சுப் பாக்கத் தெரியாது." அவன் சிரித்தான். ஆனால் சிரிப்பை நடுவிலேயே நிறுத்திக்கொண்டான். போனைக் காதிலிருந்து எடுக்காமலே கத்தினான். "ஏய் அபெஜாம்மா! போட்டிக்கா போன் போட்ட?"

ரேடியோவில் மௌனம் என்றால் மக்கள் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள். இப்போது மாவட்டம் முழுவதும் யாரும் தட்டியிருக்க மாட்டார்கள்.

"ஆமா" என்றது தூரத்திலிருந்து ஒரு பெண்குரல். பிறகு, கொஞ்சம் உரக்க, "பறவைப் போட்டிக்கு."

அவளும் ரேடியோவைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அகோட் நெற்றியைத் துடைத்தாள்.

"இன்னைக்கே வந்து வாங்கிக்கணும் அண்ணே. ரெண்டு மணிக்குள்ள."

"நான் வந்து வாங்கிக்கிறேன்."

"ஜெயிச்சவங்க கையிலதான் குடுப்போம். அண்ணியைக் கூட்டிட்டு வாங்க. நீங்களும் வந்தா இன்னும் நல்லது. ரெண்டு மணிக்கு, வேண்டியவங்களுக்கெல்லாம் வணக்கம் சொல்ற நேரம் இருக்கு, உங்களை ஸ்டூடியோவுலயே உக்கார வெச்சுப் பேச விடறோம்."

"என்னையா? ரேடியோவுலயா?" குரலில் இருந்த இறுக்கம் சட்டென்று தளர்ந்தது. "யாருக்கு வேணாலும் வணக்கம் சொல்லலாமா?"

"யாருக்கு வேணாலும். பேரு சொல்லுங்க."

"ஒக்விர். சதுப்புக்கு அந்தப் பக்கத்து ஒக்விர்னு சொல்லு. ஒக்விர்னு இங்க நெறைய பேரு இருக்கானுங்க."

பாட்டைப் போட்டுவிட்டு எங்கோலா ஸ்டூடியோக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினான். "மூணு கட்டி சோப்பு எங்க இருக்கு அக்கா?"

"கடையில இருக்கு. ஓடு."

"என் சம்பளத்துலயா?"

"என் சம்பளத்துல. ஓடுடா."

பாட்டு முடிவதற்குள் மிஸ்டு கால்கள் வந்து குவிந்தன. திரும்ப அழைக்காமல் இருந்தால் அதுவே சந்தேகம். அகோட் முதல் எண்ணை அழைத்தாள். எடுத்தது அரவை மில்காரர் எபோங். எடுத்த எடுப்பிலேயே சண்டைக்கு வந்தார்.

"ஏம்மா, ஒரு வாரம்கூட விடாம உன் நிகழ்ச்சியைக் கேக்கறவன் நான். பறவைப் போட்டி எப்ப வெச்ச? எனக்குத் தெரியாம எப்பம்மா வெச்ச? போன வியாழன் முழுசும் இங்கதான் இருந்தேன். போன வியாழன் பேசினது ஒரு..."

நிறுத்தினார். மில் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. அகோட்டின் விரல் துண்டிக்கும் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

"போன வியாழன்..." என்றார் எபோங் மறுபடி. இப்போது குரல் மெதுவாக வந்தது, ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டதுபோல. "ஆமாமா. பறவைப் போட்டி. ஞாபகம் வந்துடுச்சு. நானும் பதில் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

"என்ன அண்ணே சொன்னீங்க?"

"கொக்குன்னு சொல்லிட்டேன். என் புத்திய என்னன்னு சொல்றது." பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒரு பெண், "நான் ஆந்தைன்னு சொன்னேன்!" என்று கத்தினாள். எபோங் அவளை அடக்கிவிட்டுச் சொன்னார். "அந்த அக்கா வந்து வாங்கிட்டுப் போகட்டும்மா. எங்களுக்கு வேணாம்."

அதன் பிறகு போட்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஆட்டுக்கு வயிறு உப்பியதற்கு என்ன செய்வது என்று கேட்டார்கள். மருமகள் தண்ணீர் எடுக்கப் போனால் திரும்பி வர நேரமாகிறது என்றார்கள். அகோட் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வாடகை மோட்டார் சைக்கிள் ஒன்று மேடேறி வந்தது. ஓட்டுபவனுக்குப் பின்னால் தேய்த்த சட்டை போட்ட ஒக்விர். அவனுக்குப் பின்னால், இரண்டு கால்களையும் ஒரே பக்கம் போட்டு, எதையும் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தாள் அவள். அகோட் நினைத்ததைவிடச் சின்னப் பெண். ஒக்விரும் நினைத்ததைவிடச் சின்னவன்தான். வாசலில் நின்று காலணியைக் கழற்றலாமா வேண்டாமா என்று தடுமாறினான்.

"அண்ணி வராந்தா பெஞ்சுல உக்காரட்டும், சோப்பை இந்த மேடம் குடுப்பாங்க" என்று ஃப்ளோரன்ஸைக் காட்டிவிட்டு, அகோட் அவனை உள்ளே கூட்டிப்போனாள். வராந்தாப் பக்கத்து ஜன்னலுக்கு முதுகு இருக்கும்படி நாற்காலியைப் போட்டாள். தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டபோது அவன் கழுத்து வியர்த்திருந்தது தெரிந்தது.

"சதுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து நம்ம ஒக்விர் அண்ணன் வந்திருக்காரு. யாருக்கெல்லாம் வணக்கம் சொல்றீங்க அண்ணே?"

முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னான். பிறகு சூடு பிடித்துக்கொண்டது. மாட்டுச் சந்தைத் தரகர்கள், சைக்கிள் பழுதுபார்ப்பவர், திருச்சபைப் பாட்டுக்குழு, மரவள்ளி விற்கும் அக்கா ("கடன் கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்குவா, அவளுக்கும் ஒரு வணக்கம்") என்று போய்க்கொண்டே இருந்தது. அவன் தோளுக்கு மேலே ஜன்னல் வழியாக அகோட் பார்த்தாள். பெஞ்சில் ஃப்ளோரன்ஸ் அவள் பக்கமாகச் சாய்ந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் தலை குனிந்துகொண்டு தரையைப் பார்த்தாள். வராந்தாச் சுவரில் நிலையத்தின் ஒலிபெருக்கி. அவன் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு பெயரும் அங்கே அவள் தலைக்கு மேலே விழுந்துகொண்டிருந்தது.

"இன்னும் யாருக்கு அண்ணே?"

சொன்னான். மாமன் மகன்கள், பள்ளிக்கூடத்துத் தோழர்கள், எதிர்த்து விளையாடிய கால்பந்து அணி. அவளுடைய உதடுகள் அசையத் தொடங்கின. முதலில் கொஞ்சம், பிறகு நிற்காமல். ஃப்ளோரன்ஸ் வேகமாக எழுதினார். எழுதுவதை நிறுத்தி இன்னும் ஏதோ கேட்டார். அவள் கையை நீட்டி, மரங்கள் எதுவரை, எல்லை எதுவரை என்று காற்றில் கோடு போட்டுக் காட்டினாள்.

"அவ்வளவுதான்" என்றான் ஒக்விர். கை ஹெட்போனுக்குப் போனது. "எல்லாரையும் சொல்லிட்டேன்."

வராந்தாவில் எழுதி முடிக்க இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்தால் போதும். ஒரு பாட்டின் நீளம் போதும். ஆனால் பாட்டைப் போட்டால் அவன் எழுந்து திரும்புவான்.

"இங்க இல்லாதவங்களுக்கும் சொல்லலாம் அண்ணே" என்றாள் அகோட். "தூரமாப் போயிட்டவங்களுக்கும்."

கை பாதி வழியில் நின்றது. அவன் மைக்கைப் பார்த்தான், அதற்குள் யாரோ இருப்பதுபோல.

"அப்படின்னா எங்க அண்ணன் ஒமாராவுக்கு" என்றான். சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டதுபோல் இருந்தது. "அண்ணா... சிவப்பு எருது நொண்டிட்டிருந்துச்சுல்ல, அது சரியாயிடுச்சு. உன் பொண்ணு அபெஜா உன்னை மாதிரியே நடக்கறா. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு. நீ போனப்புறம் எனக்கு எதுவும் சரியா வரல அண்ணா."

வராந்தாவில் அவள் கை காற்றில் அப்படியே நின்றது, எல்லைக் கோட்டின் பாதியில். ஃப்ளோரன்ஸ் எழுதுவதை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். அவளோ தலையை நிமிர்த்தி, திறந்த வாய் மூடாமல், சுவரிலிருந்த ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இப்போது குரல் எதுவும் வரவில்லை. ஓர் ஆணின் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. அகோட் அடுத்த பெயரைக் கேட்கவில்லை.