செக்போஸ்ட்டைச் சுற்றி வந்த கேள்வி

என் வீட்டுக்காரர் ஞானசிகாமணி ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஆனால் ‘ஈரல்’ என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சர்ச்சில் பாதிப்பேர் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். மீதிப்பேர், இத்தனை நாள் இந்த மனுஷன் எப்படி மறைத்தார் என்று அதிசயப்பட்டார்கள். யார் வாயையும் அடைக்க நான் போகவில்லை. அவர் வாந்தியெடுத்த ரத்தத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறெதுவும் பெரிதாகத் தோன்றவில்லை.

மலையாள நாட்டில், ஆரியசாலைச் சந்தையில் எங்களுக்கு வாழைக்குலை மொத்தக்கடை. மாடியில் வீடு. கீழே கூலிக்காரர்களிடம் நாள் முழுக்கக் கத்துகிறவர், படியேறி வந்தால் ஊமை. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் பேசியதில் முக்கால்வாசி உப்பைப் பற்றித்தான். கூடிப்போச்சு, கொறஞ்சுபோச்சு. சரியாக இருந்தால் பேச்சே கிடையாது.

தொண்டை வழியாகக் குழாய் விட்டு, ரத்தம் கசிகிற இடத்தில் ரப்பர் வளையம் போட்டுப் பார்த்தார்கள். ரத்தம் மறுபடியும் வந்தது. டாக்டர் கிருஷ்ணகுமார் எங்களை உட்காரவைத்து, அவருடைய மலையாளத் தமிழில் பொறுமையாகச் சொன்னார்.

“குடல்ல இருந்து வர்ற ரத்தமெல்லாம் ஈரல் வழியாத்தான் போகணும். இவருக்கு அங்கே வழி ப்ளாக். ரத்தம் முட்டி முட்டி, உணவுக்குழாயில உள்ள சின்னச் சின்ன குழாய்ல ஏறுது. அதுதான் பொட்டுது, வெடிக்குது. நாங்க மண்ணீரலை எடுத்துட்டு, அதோட குழாயைச் சிறுநீரகத்தோட குழாயில தச்சு விடுவோம். ரத்தம் அந்த வழியா ஒழுகிப் போகும், பிரஷர் குறையும். பக்ஷே ஒரு கார்யம். ஈரல் ஒரு செக்போஸ்ட். சைடு ரோடு வழி போற ரத்தம் செக்கிங் இல்லாம தலைக்குப் போகும். அழுக்கும் கூடப் போகும். அதனால ஒரு சிரப் தருவேன். தினமும் வயிறு நல்லா இளகிப் போகணும். சிரப்பை விடவே கூடாது.”

எல்லை தாண்டி லோடு கொண்டுவந்தே முடி நரைத்தவர் என் வீட்டுக்காரர். அவர் சிரித்துவிட்டார். “அது எனக்குத் தெரியாதா டாக்டரே? சைடு ரோட்டுல வாற லோடுல ஒரு குலை உருப்படியா இருக்காது.”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ரத்தம் நின்றது. வீட்டுக்கு வந்தோம்.

ஒரு மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டியவர் என் முகத்தைப் பார்த்தார்.

“சரசு, நீ தின்னியா?”

கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். என் அம்மா போன பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க ஆள் கிடையாது. இந்த வீட்டில் எல்லாரும் தின்று முடித்தபின் சட்டியில் இருப்பதைப் போட்டுக்கொள்கிறவள் நான். அதை ஒரு குறையாக நினைத்ததுகூட இல்லை. ஆனால் அன்றைக்கு அடுப்படியில் வெகுநேரம் சும்மா நின்றேன்.

கொஞ்சநேரம் கழித்து மறுபடி கேட்டார். சாயங்காலத்துக்குள் இன்னும் பலமுறை. இத்தனை வருஷம் கேட்காததையெல்லாம் சேர்த்துக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டதுபோலவே பதில் சொன்னேன்.

சிரப் அவருக்கு ஆகாது. வாய் ஒட்டுகிற தித்திப்பு. குடித்தால் கட்டிலுக்கும் கக்கூசுக்குமாக ஓட வேண்டும். “இன்னைக்கு வேண்டாம் சரசு, குடிச்சது போதும்” என்று அவர் குழைந்தால் எனக்கு மனசு இளகிவிடும். முதலில் பாதி ஊற்றினேன். பிறகு அதையும் விட்டேன். பகலெல்லாம் தூங்கினார், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். உடம்பு தேறுகிற அசதி என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

எங்கள் மகள் சுமிக்கு டெக்னோபார்க்கில் வேலை. அவள் சீக்கிரம் வந்திருந்த ஒரு சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். அவர்தான் எப்போதும் நடத்துவார். கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கி, அன்றன்றைக்குரிய அப்பம் கேட்கிற இடத்துக்கு வந்ததும் நின்றார். கண்ணைத் திறந்தார்.

“சரசு, நீ தின்னியா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அதே அப்பத்தில் நின்றார். அதே கேள்வி. மூன்றாம் தடவையும் அப்படியே ஆனபோது சுமி எழுந்துவிட்டாள். சின்னப்பிள்ளைகூடத் தூக்கத்தில் சொல்கிற ஜெபம் அவருக்கு அப்பத்தைத் தாண்டிப் போகவில்லை.

“அம்மா, அப்பாவுக்கு என்னமோ ஆயிருக்கு. சிரப் கொடுக்கியா இல்லியா?”

என் கண் குறையாமலிருந்த சிரப் பாட்டிலுக்குப் போனது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் டாக்டர் அவரிடம், “போலீஸ்காரன் வண்டி நிறுத்துற மாதிரி ரெண்டு கையும் நீட்டி, உள்ளங்கையைக் காட்டுங்க” என்றார். நீட்டினார். கை நிற்கவில்லை. மணிக்கட்டு தொய்ந்து விழுந்தது, நிமிர்ந்தது, மறுபடி விழுந்தது. நிறுத்தவேண்டிய கை ‘போ, போ’ என்று வண்டியை அனுப்பிக்கொண்டிருந்தது.

“கண்டீங்களா? அழுக்கு தலைக்கு ஏறிட்டு. சிரப் கொடுத்தா மாறும், பயப்பட வேண்டாம். பக்ஷே இனியும் விட்டா போதம் போயிடும். பின்னே எழுப்ப முடியாது.”

சுமி அவரைக் கைப்பிடித்து வெளியே கூட்டிப்போனாள். நான் வாசலில் நின்று திரும்பினேன்.

“டாக்டரே, நான் தின்னேனான்னு கேக்காரு. அதும் நோய்தானா?”

டாக்டரின் பேனா நின்றது. “அறியில்லம்மா” என்றார். “மருந்து உள்ளே போனா தெரியும்.”

மருந்து அவரை எனக்குத் திருப்பித் தரும், அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளும். எனக்கு அவர் வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக சிரப்பை ஊற்றினேன். அவர் குழைந்தார், கெஞ்சினார், என் கன்னத்தைக்கூடத் தொட்டார். நான் கல்லாக நின்று குடிக்கவைத்தேன். குழைகிற ஞானசிகாமணியை நானே என் கையால் கரண்டி கரண்டியாக வழியனுப்பிவைத்தேன்.

சில நாளில் அவர் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்து, “உப்பு கூடிப்போச்சு” என்றார். சுமி சந்தோஷத்தில் கையைத் தட்டினாள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். அன்று சாயங்கால ஜெபத்தில், அப்பம் கேட்கிற இடம் வந்தபோது நான் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தேன். அவர் நிற்காமல் ஆமென் வரை போய்விட்டார். தேவனுக்கு நன்றி சொன்னேன். முழுமனசோடு சொன்னேன் என்று சொல்ல முடியாது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து அவருக்கு சிரப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

“அங்க வை.”

“வச்சா குடிக்க மாட்டியள். இப்பமே குடியுங்க.”

அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீ தின்னியா?”

மறுபடியும் தலைக்கு ஏறிவிட்டதா? ஒருவேளைகூட விடாமல்தானே கொடுத்தேன்?

“தின்னாச்சு” என்றேன், அவசரமாக.

“கள்ளம் சொல்லாத. சட்டியில சோறு அப்படியே இருக்கு.” குரலில் குழைவு எதுவும் இல்லை. கீழே கூலிக்காரர்களிடம் கத்துகிற அதே குரல். “ஆஸ்பத்திரியில அந்த நர்ஸ் ரெம்யா எல்லாம் சொன்னா. நான் வாயில தண்ணி படாம கெடந்த நாளெல்லாம் நீயும் சோறு தின்னல்லன்னு. அப்பமே கேக்கணும்னு நெனச்சேன். வாயில வரல்ல.”

நான் டம்ளரை அவர் வாய்ப்பக்கம் கொண்டுபோனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“நில்லு. மொதல்ல நீ தட்ட எடு. நீ தின்ன பெறவுதான் இது.”

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். விரல்கள் விரிந்து, உள்ளங்கை என்னைப் பார்த்து நின்றது.

சோற்றைப் போட்டுக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். முதல் கவளம் உள்ளே போகிறவரை அவர் கையை இறக்கவில்லை. அது துளிகூட ஆடவில்லை.