தூத்துக்குடி சீட்டு

காலை எட்டரை மணிக்குத் திருவேங்கடத்தின் போனில் அந்த மெசேஜ் வந்தது. இங்கிலீஷ் எழுத்து அவருக்குப் படிக்க வராது. படகில் ஏற்றிக்கொண்டிருந்த வலையை அப்படியே போட்டுவிட்டு, ஏரித் துறைக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரோசியிடம் ஓடினார்.

மகள் செவ்வந்தி பிளஸ் டூவில் வாங்கிய மார்க்குக்கு எந்தக் காலேஜ் வாசலையும் மிதிக்க முடியாது என்று ஊரே சொல்லிவிட்டது. மீனவர் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய ஒன்றிரண்டு இடங்கள்தான் அவளுக்கு நம்பிக்கை. அந்தப் பட்டியலிலும் கடைசியில் தொங்கிக்கொண்டிருந்தாள். முதல் சுற்றில் கிடைக்கவில்லை. பத்து நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மீஞ்சூர் துணிக்கடையில் வேலை; உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். "மெசேஜ் வந்தா ஒடனே கடைக்குப் போன் பண்ணு நைனா" என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள்.

ரோசி படித்துவிட்டுக் கையைத் தட்டினாள். விண்ணப்பம் போட்டதே அவள் கடையில்தான். "அண்ணே, சீட்டு கெடச்சிடுச்சு! மீன்வளக் காலேஜ், தூத்துக்குடி. அஞ்சு மணிக்குள்ள சம்மதம்னு அமுக்கணும். ஒன் போனுக்கு ஒரு நம்பர் வரும், அத்த சொல்லு, நானே முடிச்சிடறேன்."

"தூத்துக்குடியா? அம்மாந்தூரமா?" திருவேங்கடத்தின் முகம் சுண்டிப்போயிற்று. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் இருப்பது அவரும் மகளும்தான். "பொன்னேரிலயே அந்தக் காலேஜ் கீதே?"

"அது இந்தச் சுத்துல வரல அண்ணே."

"அப்போ அடுத்த சுத்துல வரும். இத்த வுடு."

மனுஷன் விவரம் கெட்டவரில்லை. ஏரியில் யார் எங்கே வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு மோசமான இடம் வந்தவனுக்கு நாளைக்கு நல்ல இடம். காய்ச்சலில் படுத்தவனுக்குக்கூட அவன் முறையைத் திருப்பிக் கொடுப்பார்கள். நாற்பது வருஷமாக அந்த நியாயத்தில் சோறு தின்றவருக்கு உலகத்தில் வேறு நியாயம் இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

"இது பாடு இல்ல அண்ணே. பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேளு, கட நம்பரு ஒன்கிட்டதான இருக்கு" என்றாள் ரோசி.

"எனுக்குத் தெரியாதா? நீ ஒன் வேலையப் பாரு."

அன்று அவருக்கு வாய்த்தது சேறு மண்டிய இடம். காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது, தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பதினொரு மணிக்கு ரோசி கூப்பிட்டாள், எடுக்கவில்லை. இரண்டு மணிக்கும் எடுக்கவில்லை. ஐந்தாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் விடாமல் அடித்தது. எடுத்தால் என்ன என்று ஒரு கணம் கை நீண்டது. சே, பொண்ணு பக்கத்திலேயே இருக்கட்டும் என்று போனைச் சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

ஏழு மணிக்குச் செவ்வந்தி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இன்னா நைனா, வந்துச்சா?"

"வந்துச்சு கண்ணு. தூத்துக்குடி. நான் வாணாம்னு வுட்டுட்டேன். அடுத்த சுத்துல பொன்னேரி வரும் பாரு."

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். ரோசியின் பதினான்கு அழைப்புகள். மனசு கேட்காமல் ரோசியே கடைசி நேரத்தில் அமுக்கியிருக்கிறாள். நாலு ஐம்பதுக்கு ஆறு இலக்க நம்பர் ஒன்று வந்து கிடந்தது. செவ்வந்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடுத்த சுத்து கீதேம்மா" என்றார் திருவேங்கடம்.

"மத்தவங்களுக்குக் கீது நைனா. சம்மதம் சொல்லாதவங்க பேர எடுத்துடுவாங்க. என் பேரு இப்போ எதுலயும் இல்ல."

அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். உட்கார்ந்தபடியே செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். திருவேங்கடம் போனை எடுத்து ரோசியைக் கூப்பிட்டு, எழுத்துக் கூட்டுகிற பிள்ளையைப் போல அந்த ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.