கழுவி வந்த தூக்குப்போசி

பிள்ளையைக் கோயமுத்தூர் காலேஜில் சேர்த்துவிட்ட தாராபுரத்து அம்மாக்கள் செய்கிற காரியம் ஒன்று உண்டு. சனிக்கிழமை பஸ்ஸில் தூக்குப்போசி நிறையச் சோறு போகும். மறுநாள் காலிப்போசி திரும்பி வரும். காலியாக வந்தால் பிள்ளை சௌக்கியம். அதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது? பூங்கொடியும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த போசிக்குள் ஏதோ குலுங்கியது. திறந்தால், மகள் லோகப்பிரியாவின் தோடும் கொலுசும் கைக்குட்டையில் முடிந்து கிடந்தன. பூங்கொடி உடனே மகளுக்குப் போனடித்தாள். எடுக்கவில்லை.

"கழட்டி வெச்சதை மறந்திருப்பா. போசி காலியாத்தான வந்துருக்குது, உடு புள்ள" என்றார் கணவர் கதிர்வேல். சொல்லிவிட்டுத் தென்னைக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். மகராசன், அவருக்கு எல்லாமே சுலபம்.

பூங்கொடி அதே பஸ்ஸில் ஏறினாள்.

"போசிய அவளேதான் கொண்டாந்து குடுத்தாளுங்களா?" என்று கண்டக்டர் திருமலைசாமியைக் கேட்டாள்.

"இல்லீங்கக்கா. கொஞ்ச நாளாவே கூட இருக்கற புள்ளதானுங்க வருது."

பல்லடம் தாண்டுவதற்குள் அவளுக்கு உயிர் பாதி போய்விட்டது.

ஹாஸ்டல் வாசலில் போசி கொண்டுவந்து கொடுக்கும் அந்தப் பிள்ளை ஹரிதா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "சோத்தையெல்லாம் நாங்கதான் சாப்புட்டோம் ஆன்ட்டி. அவ தொடறதே இல்ல. தோடு, கொலுசையும் அவளேதான் கழட்டிப் போசிக்குள்ள வெச்சா. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னுட்டா."

அறைக்குள் பகலிலேயே இருட்டு. லோகப்பிரியா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மூச்சு இருந்தது. பூங்கொடி அதைத்தான் முதலில் பார்த்தாள்.

"என்ன கண்ணு ஆச்சு?"

"ரெண்டு பேப்பர் போயிருச்சுங்ம்மா." குரலில் அழுகைகூட இல்லை. "நானெல்லாம் எதுக்கும் ஆகாத சென்மம். இருந்தா என்ன, செத்தா என்ன."

 மகளைப் பூங்கொடி ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. ஆனால் பால் பொங்கி வழிந்தாலும், குழம்பு அடிப்பிடித்தாலும், தன்னைத்தானே இதே வார்த்தைகளால் வைதுகொள்வாள். அவளைப் பெற்றவளும் அப்படித்தான். அடுக்களை மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை அத்தனையையும் மனப்பாடம் செய்திருக்கிறது.

மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "பாவி, எல்லாம் என்னாலதான். நானெல்லாம் எதுக்கும்..."

மடியிலிருந்து லோகப்பிரியா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூங்கொடி மிச்சத்தை விழுங்கினாள்.

"எந்திரி அம்மணி" என்றாள். "டாக்டர்கிட்டப் போலாம். ரெண்டு பேருமே காட்டோணும்."