சூளை மேல் காய்ந்த ஹெல்மெட்

"நாந்தான் ஹெல்மெட்டைக் கழட்டி வச்சிட்டேன் சங்கரி. எம் மேலதான் தப்பு" என்று அப்பா ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வார். அவர் பொய் சொல்கிறவரில்லை. அவருக்கு அப்படித்தான் நினைவிருக்கிறது.

உண்மையில் அவருக்கு எதுவுமே நினைவில்லை. விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனியில் சூளை வண்டியிலிருந்து, பொம்மை அடுக்கும் கல் பலகை சரிந்து தலையில் விழுந்த நாளிலிருந்து பதினோரு நாள் அவருக்குக் காலி. அந்தக் காலி இடத்தில் முதலாளி ராஜவேல் தன் கதையை இறக்கினார். அப்பா கண் விழித்த பிறகு தினமும் ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"காத்தவராயா, கழட்டாதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? கேட்டியா?"

அடிபட்ட மூளை, யார் எதைக் கொடுத்தாலும் வாங்கி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் அப்பாவே அதைச் சொல்ல ஆரம்பித்தார். கண் விழித்த எட்டாம் நாள், தானே கழட்டியதாக எழுதிய காகிதத்தில் கைநாட்டு. தொழிலாளி தானாகக் கழட்டினால் கம்பெனி மேல் வழக்கு நிற்காது.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். எம்.இ. படிப்பின் ஆராய்ச்சிக்குத் தலைக்காயத்தைத்தான் எடுப்பேன் என்றபோது பேராசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது ஆராய்ச்சியாம்மா, பழிவாங்கலா?"

"ரெண்டும்தான் சார். அளவெல்லாம் சரியா எடுப்பேன்."

ஆஸ்பத்திரிக் காகிதத்தை முழுதாகப் படித்த முதல் ஆளும் நான்தான். மூன்றாம் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்தது: காயத்திலிருந்து மஞ்சள் பிளாஸ்டிக் துண்டுகள் எடுக்கப்பட்டன. கழட்டி வைத்த ஹெல்மெட் மண்டைக்குள் எப்படிப் போகும்?

போட்டிருந்தார். பின்னே ஏன் உடைந்தது? அப்பாவோடு வேலை பார்த்த வேம்பு அக்காவைக் கேட்டேன்.

"முப்பது பேருக்குப் பத்து ஹெல்மெட்டு. ஒருத்தர் வேர்வை இன்னொருத்தருக்கு நாறும்ல? ஷிப்டு முடிஞ்சா சூளை மேல காயவைப்போம். மொதலாளிதான் சொன்னாரு, ஈர பொம்மையே அங்கதான காயுதுன்னு."

மண் காய்ந்தால் கெட்டியாகும். பிளாஸ்டிக் அங்கே வருஷக்கணக்கில் காய்ந்தால் அப்பளம்.

அக்கா அப்படிக் காய்ந்த ஹெல்மெட் ஒன்றைப் பையில் போட்டுக் கொடுத்தார். அதே ரகத்தில் புதியதும் வாங்கினேன். ஆய்வுக்கூடத்தில் உலோகத் தலை ஒன்று இருக்கிறது. உள்ளே அதிர்ச்சியை அளக்கும் கருவி. புதிய ஹெல்மெட் மேலிருந்து விழுந்த எடையைத் தாங்கியது. சூளை மேல் காய்ந்தது நாலாகப் பிளந்தது; தலைக்குப் போன அதிர்ச்சி மூன்று மடங்கு. ஒன்று போதாது என்றார் பேராசிரியர். அக்கா இன்னும் மூன்று கொண்டுவந்தார். மூன்றும் அப்படியே.

அறிக்கையின் நகலை ராஜவேலுக்கு அனுப்பினேன். கைக்குக் கிடைத்த அன்றே காரில் வந்து இறங்கினார்.

"பாப்பா, படிச்ச புள்ள நீ. பேசித் தீத்துக்கலாம். லேபர் ஆபீஸெல்லாம் எதுக்கு?"

"பேசுங்க. எங்கிட்ட இல்ல, அப்பாகிட்ட. ஹெல்மெட்டு போட்டுத்தான் இருந்த, நாந்தான் பொய் சொன்னேன்னு சொல்லுங்க."

"வேணாம்டி, பெரிய மனுஷன்" என்றாள் அம்மா.

ராஜவேல் அப்பாவிடம் சொன்னார். அப்பா பதறி எழுந்தார். "ஐயோ மொதலாளி, நீங்க எதுக்கு? நாந்தான கழட்டுனேன்!"

ராஜவேல் சிரித்தார். "பாத்தியா? அவனே சொல்றான்."

"ஒரு வாட்டி சொன்னா ஏறாது. பொய்ய எத்தினி நாளு சொன்னீங்க? நாளைக்கி வாங்க."

வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்று நாற்காலியைத் தெருவிலேயே போட்டேன். குரலைத் தாழ்த்தினால் "கேக்கல சார்" என்பேன். அறிக்கை பதிவுத் தபாலில் கடலூர் தொழிலாளர் அலுவலகத்துக்கு எப்போதோ போய்விட்டது. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை.

ஒன்பதாம் நாள் அவர் சொல்லி முடித்தபோது அப்பா எழவில்லை. ராஜவேலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் கழட்டலியா?"

"இல்ல காத்தவராயா."

"அப்பறம் எதுக்குடா என்னை அப்புடிச் சொல்ல வச்ச?"

அப்பா முதலாளியை 'டா' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. எதிர்வீட்டில் ரேடியோவை அணைத்தார்கள். ராஜவேல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவருதான கேக்குறாரு" என்றேன். "அவருக்குச் சொல்லுங்க."